அரைவாசி பழசு, அரைவாசி புதுசு: வெப்சைற்றை ஆறுதலாத் திருத்தலாமோ?

சைக்கிள்மாஸ்ரர் (கொக்குவில்), ஞாயிறு பின்னேரம்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். முப்பது வருசம் புவியியல் படிப்பிச்ச ஆளுக்குச் சுருக்கிச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

2004 இல ஒரு வெப்சைற் துவங்கினனான். சமாதான காலம், கண்டி யாழ்ப்பாண றோட்டு, ஏ9, திறந்து ரண்டு வருசம். மருமகன் கொழும்பில இருந்து ரண்டு மெகாபிக்சல் கமெரா ஒண்டு கொண்டுவந்து தந்தவன். அதைக் கழுத்தில கொழுவிக்கொண்டு சனி ஞாயிறில சைக்கிளில திரிஞ்சு சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், கேணி, துலாக்கிணறு, மடம் எண்டு கண்டதெல்லாம் படமெடுத்தன். சுமைதாங்கி தெரியாத பிள்ளையளுக்கு: தலைச்சுமையோட நடந்து வாறவை ஆற்றையும் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைச்சு ஏத்திறதுக்காக றோட்டோரத்தில கட்டின கல்லு. வயித்தில பிள்ளையோட செத்துப்போன பெண்ணின்ர நினைவாக் கட்டுறது வழக்கம். ஆவுரஞ்சிக்கல் மாடு உடம்பை உரஞ்சிறதுக்கு நட்ட கல்லு. தண்ணி குடிக்க வாற கேணிக்குப் பக்கத்தில நிக்கும்.

இரவில இருந்து எழுதி எழுதி 146 பக்கம் சேர்ந்திட்டுது. எல்லாம் புரொன்ற்பேஜ் எண்ட வெப்பக்கம் செய்யிற மென்பொருளில, பாமினி எழுத்துருவில. பாமினி எண்டால் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உருவில காட்டுற பழைய எழுத்துரு, அது இல்லாத இடத்தில ஆங்கில எழுத்துத்தான் தெரியும். முகப்பில "இத்தளத்தை வாசிக்கப் பாமினியை இறக்கிக்கொள்ளுங்கள்" எண்டு ஒரு வரி, அதுக்குக் கீழ ஓடுற எழுத்து, அதுக்குங் கீழ எத்தினை பேர் வந்தவை எண்டு எண்ணுற பெட்டி. அந்தக் காலத்தில அதுதான் வடிவு. சிரியாதேங்கோ.

போன மாதம் பேத்தி தன்ர போனில திறந்து பார்த்திட்டு, "தாத்தா இது என்ன பாஷை?" எண்டாள். நான் அம்மா எண்டு அடிச்சது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு கிடக்கு. என்ர கொம்பியூட்டரில பாமினி இருக்கிறதால இத்தினை வருசமா எனக்கு மட்டும் வடிவாத் தெரிஞ்சுகொண்டிருந்திருக்கு.

மருமகன் இப்ப லண்டனில. "மாமா, ஒரு சனி ஞாயிறு தாங்கோ, புது ரெம்பிளேற் ஒண்டில எல்லாத்தையும் கொட்டித் தாறன்" எண்டுறான். அவன்ர அன்பில குறை சொல்லேல்லை. ஆனால் எனக்கு அது சரியாப் படேல்லை. ஏனெண்டால், உடுப்பை மாத்தினாலும் உள்ளுக்க கிடக்கிறது 2004 தானே? கொக்குவில் ஸ்ரேசனைப் பற்றி ஒரு பக்கம் இருக்கு. "1990 உடன் ரயில் நின்றது. தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை" எண்டு எழுதியிருக்கிறன். 2015 ஜனவரியில காங்கேசன்துறை வரைக்கும் பாதை திறந்து, நான் இதை எழுதிக்கொண்டிருக்கேக்கையே வீட்டுக்குப் பின்னால கோச்சி கூவிக்கொண்டு போகுது. புது ரெம்பிளேற்றில அந்தப் பக்கம் பளபளப்பாப் பொய் சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதால நான் நினைக்கிறது, ஒவ்வொரு கல்லையும் திரும்பப் போய்ப் பார்த்து, நிக்குதோ இல்லையோ எண்டு அறிஞ்சு, அந்தப் பக்கத்தைத் திருத்திப்போட்டு அடுத்ததுக்குப் போறது. இப்ப வயசு 64. நாரி நோ வேற. ஒரு கிழமையில மூண்டு இடத்துக்கு மேல ஓட ஏலாது. அப்பிடியெண்டால் ஒரு வருசத்துக்கு வெப்சைற் அரைவாசி பழசும் அரைவாசி புதுசுமா நிக்கும். சனத்துக்கு முன்னால அப்பிடி வைக்கிறது மரியாதையோ? அல்லது மூடிவைச்சிட்டு முடிஞ்சாப்பிறகு திறக்கிறதோ? செய்தவை சொல்லுங்கோ.

திருநெல்வேலிப்பிள்ளை, ஞாயிறு இரவு

சேர், மூடாதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.

வெப்சைற் செய்யிறதுதான் என்ர வேலை. "திருத்த வேலை நடக்கிறது" எண்டு பலகை தொங்கவிட்டுப் பூட்டின எத்தினையோ தளத்தைப் பார்த்திட்டன், முக்கால்வாசி பேந்து திறக்கவே இல்லை. எங்கட ஊரில வேலி அடைக்கிறவை முழுவேலியையும் பிடுங்கி எறிஞ்சுபோட்டோ கிடுகு கட்டுறவை? ஒரு பக்கத்தை அவிழ்த்து அதைக் கட்டி முடிச்சிட்டுத்தானே அடுத்த பக்கம்.

ஆனால் உங்கட கணக்கில ஒரு பிழை இருக்கு. ரண்டு வேலையை ஒண்டாக் கட்டி வைச்சிருக்கிறியள். கல்லைத் திரும்பப் போய்ப் பார்க்கிறது ஆறுதலான வேலை, அதை ஆறுதலாச் செய்யுங்கோ. எழுத்து வாசிக்க ஏலாமல் கிடக்கிறது அவசர வேலை. அதுக்கு ஒவ்வொரு பக்கமாக் காத்திருக்க ஏலாது. முதல்ல 146 பக்கத்தையும் யுனிகோட்டுக்கு, அதாவது எந்தப் போனுக்கும் தமிழ் எண்டு விளங்கிற பொதுக் குறியீட்டுக்கு, மாத்துங்கோ. வசனம் பழசாவே இருக்கட்டும், வாசிக்கவாவது முடியட்டும். இன்னொண்டும் யோசியுங்கோ. பாமினியில இருக்கிறது தேடுபொறிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. "சுமைதாங்கி" எண்டு தமிழில அடிச்சுத் தேடின ஒருத்தரும் உங்களிட்ட வந்திருக்கவே மாட்டினம். கண் தெரியாதவைக்கு வாசிச்சுக் காட்டுற செயலிக்கும் அதே கதிதான்.

அடுத்தது பக்கத்தின்ர தோற்றத்தைச் சொல்லுற ஒரு சி.எஸ்.எஸ் கோப்பு, ஒரேயொரு கோப்பு. எல்லாப் பக்கமும் அதையே பார்க்கட்டும். பக்கத்துக்குப் பக்கம் எழுத்தின்ர நிறமும் அளவும் போட்டு வைச்சிருப்பியள், அதையெல்லாம் கழட்டிவிடுங்கோ. பக்கத்தின்ர தலையில எழுத்து யுனிகோட் எண்டு சொல்லுற யூ.ரி.எஃப்-8 வரியும், திரையின்ர அகலத்தைச் சொல்லுற வியூபோர்ட் வரியும் வேணும். வியூபோர்ட் இல்லாட்டி போன் உங்கட பக்கத்தைப் பெரிய கொம்பியூட்டர் திரை எண்டு நினைச்சுச் சுருக்கிக் காட்டும், எறும்பு மாதிரித்தான் தெரியும். 800 பிக்சல் அட்டவணைக்குள்ள எல்லாத்தையும் அடைச்சிருப்பியள் எண்டும் நினைக்கிறன், அந்தக் காலத்து ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான். அதையும் எடுங்கோ. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். வரிக்கு வரி இடைவெளியை மட்டும் ஆங்கிலத்துக்கு வைக்கிறதை விடக் கூட்டுங்கோ, 1.7 அளவில. எங்கட எழுத்துக்கு மேல புள்ளி, கீழ வால். நெருக்கினால் ஒண்டையொண்டு இடிக்கும்.

கோப்புகளின்ர பெயரை மாத்தாதேங்கோ. எவ்வளவு வடிவில்லாத பெயரெண்டாலும் பறவாயில்லை. இருபது வருசமா ஆரெல்லாம் அதுக்கு இணைப்புக் குடுத்திருக்கினமோ தெரியாது.

அரைவாசி பழசு எண்ட அந்தரத்துக்கு: ஒவ்வொரு பக்கத்தின்ர தலைப்புக்கும் கீழ "பார்த்தது: 2004 ஆவணி. திரும்பப் பார்த்தது: இன்னும் இல்லை" எண்டு போட்டுவிடுங்கோ. அது பொய்யில்லை. நீங்கள் போய்ப் பார்த்த அண்டைக்குத் திகதியைப் போடுங்கோ.

கொழும்புத்துறைத்தம்பி, திங்கள்

ஏன் இவ்வளவு கஷ்ரம்? வேர்ட்பிரெஸ் எண்ட தளம் கட்டுற மென்பொருளைப் போட்டால் அரை நாள் வேலை. தீம், அதாவது தோற்றம், மாத்திறது ஒரு கிளிக்.

திருநெல்வேலிப்பிள்ளை, திங்கள்

அரை நாளில போடலாம் அண்ணை, உண்மைதான். பேந்து ஒவ்வொரு மாதமும் அதுக்குத் தீனி போடவேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு கடைக்காரர் ஒரு வருசம் அதில கூடச் சேர்க்கிற பிளக்இன் ஒண்டையும் புதுப்பிக்காமல் விட்டவர். ஒருநாள் விடியத் திறந்து பார்க்க, சாறி விக்கிற பக்கத்தில சூதாட்ட விளம்பரம். சேரின்ர வெறும் எச்.ரி.எம்.எல் கோப்பு இருபது வருசம் ஒருத்தரும் தொடாமல் கிடந்தும் இண்டைக்கும் திறக்குது. எழுத்துரு மட்டுந்தான் பிரச்சினை. அவருக்கு அதுதான் தோது.

ஈயஎழுத்து, திங்கள் இரவு

மாஸ்ரர், நான் அச்சகத்தில பாமினியோட சீவியம் கழிச்ச ஆள். மாத்திற வேலையைத் தங்கச்சி ஒரு வரியில சொல்லிப்போட்டா. அதில இருக்கிற வில்லங்கத்தை நான் சொல்லுறன்.

பாமினியில நாங்கள் கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கில அடிக்கிறம். கொக்குவில் எண்டு அடிக்க முதல்ல கொம்புக்கு என், பேந்து க-வுக்கு எஃப், பேந்து அரவுக்கு (ா) எச். யுனிகோட்டில க முதல், கொம்பும் அரவும் சேர்ந்த "ஒ" குறி ஒண்டாப் பின்னால. அதால ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்து எண்டு மாத்தினால் கொம்பு போய் முன் எழுத்தில தொங்கும். மூண்டு எழுத்துக் கூட்டை முதல்ல, பேந்து ரண்டு, கடைசியா ஒண்டு எண்டு மாத்திற கருவியாப் பாருங்கோ. "கொ, கோ, கௌ, கை" நாலையும் குடுத்துச் சோதிச்சால் ஒரு நிமிசத்தில தெரிஞ்சிடும்.

ரண்டாவது ஆக்கினை கமா. பாமினியில கமா விசையில இருக்கிறது "இ". கமா வேற இடத்தில. ஆனால் கனபேர் கமாவை ஆங்கில எழுத்துருவில அடிச்சுப்போட்டு விட்டிருப்பினம். மாத்தினாப்பிறகு அதெல்லாம் "இ" ஆயிடும். "இணுவில்இ கோண்டாவில்இ உரும்பிராய்" எண்டு கிடக்கும். எங்கட ஊர்ப் பழைய செய்தித் தளங்களில இந்த வால் முளைச்ச வசனங்களை நீங்களும் பார்த்திருப்பியள். திருத்த வழி லேசு. தமிழில தனி "இ" சொல்லின்ர கடைசியில வராது. அதால "இ"-க்கு அடுத்ததா வெளி வந்தால் அது கமா எண்டு எடுத்து, ஒரேயடியா மாத்துங்கோ.

மூண்டாவது, நீங்கள் புவியியல் ஆள். தூரத்துக்கு ஆங்கிலத்தில கே, எம் எண்டு போட்டிருப்பியள். கே எண்டால் பாமினியில ம, எம் எண்டால் அ. "சந்தியில் இருந்து 2 மஅ" எண்டு வரும். அதையும் தேடுங்கோ.

வேலை துவங்க முதல் முழுக் கோப்பையும் ஒரு பிரதி எடுத்து வேற இடத்தில வையுங்கோ. பழைய பாமினிப் பிரதியை எறியாதேங்கோ. பிழை எப்ப கண்டுபிடிப்பியள் எண்டு சொல்ல ஏலாது.

மற்றது, கேட்டதுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி. டொமைன், அதாவது தளத்தின்ர முகவரி, ஆற்றை பேரில? மருமகன்ர எண்டால் கையோட உங்கட பேருக்கும் உங்கட ஈமெயிலுக்கும் மாத்துங்கோ. சண்டை வரும் எண்டு சொல்லேல்லை. அவர் வங்கிக் காட்டை மாத்தின வருசம் காசு போகாமல் விட்டால், உங்களுக்கு அறிவித்தலே வராது.

ஸ்காபரோப்பனி, செவ்வாய்

உங்கட தளத்தை எனக்குத் தெரியும் மாஸ்ரர். பாமினியைப் போட்டுத்தான் வாசிச்சனான்.

உரும்பிராய்ப் பக்கம் ஒரு ஒழுங்கை முகப்பில சுமைதாங்கி ஒண்டு எடுத்திருக்கிறியள். கல்லுக்குப் பின்னால தெரியிற கிடுகு வேலி எங்கட. வேலிக்கு மேலால எட்டிப்பார்க்கிற முருங்கையும் எங்கட. அந்தப் படம் எடுக்கேக்க நாங்கள் அங்க இல்லை. 95 இல வெளிக்கிட்டம். அம்மா இருக்கும்வரைக்கும் மாதத்தில ஒருக்கா "அந்தக் கல்லைக் காட்டு" எண்டு கேப்பா. கல்லை இல்லை, முருங்கையைத்தான் பாக்கிறவ.

இப்ப அங்க மதில் கட்டியாச்சு எண்டு சொன்னவை. நீங்கள் போய்ப் புதுப் படம் எடுப்பியள், நல்ல கமெராவில, பெரிசா. எடுங்கோ. ஆனால் பழசை எடுத்துப்போட்டு அந்த இடத்தில புதுசை வைக்காதேங்கோ. சின்னப் படமெண்டாலும் பக்கத்தில நிக்கட்டும். மூலப்படம் சீடியில இருந்தால் அதையும் கெதியா வெளியில எடுங்கோ, சீடி கிடந்தே பழுதாப்போகும்.

திருநெல்வேலிப்பிள்ளை, செவ்வாய்

அக்கா சொன்னதோட ஒண்டு. சேர், மாத்த முதல் இப்ப இருக்கிற மாதிரியே வெப்பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற இன்ரநெற் ஆக்கைவின்ர வேபாக் மெஷினில ஒரு பிரதி சேமிச்சுவிடுங்கோ. முகவரியைக் குடுத்தால் அது எடுத்து வைக்கும். ஆரும் இலவசமாத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிற்றீஸ் 2009 ஒக்ரோபரில மூடினபோது கனக்கத் தனியாள் தளங்கள் இருந்த இடம் தெரியாமல் போனது. கொஞ்சமாவது மிஞ்சினது இப்பிடி ஆரோ எடுத்து வைச்சதால. நூலகம் நிறுவனமும் 2005 இல இருந்து எங்கட ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டு வருகினம், அவையோடயும் ஒருக்காக் கதையுங்கோ. 1981 இல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்ச ஊர்க்காரருக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

சைக்கிள்மாஸ்ரர், மூண்டு கிழமைக்குப் பிறகு

எல்லாருக்கும் நன்றி. சொன்னதை என்ன செய்தன் எண்டு கணக்குக் காட்டவேணும், இல்லாட்டி மாஸ்ரர் வீட்டுவேலை செய்யேல்லை எண்டு ஆகும்.

எழுத்து மாத்தி முடிஞ்சுது. ஐஞ்சு இரவு. ஈயஎழுத்து அண்ணை சொன்ன "இ" வால் பக்கத்துக்குப் பக்கம் முளைச்சிருந்தது, ஒரே அடியில வெட்டினன். "மஅ" உம் இருந்தது! ஆனைக்கோட்டைக்கு 4 மஅ எண்டு வாசிச்சு நானும் மனுசியும் வயிறு நோகச் சிரிச்சம். யுனிகோட்டில ஒரு தமிழ் எழுத்துக்கு மூண்டு பைற்று பிடிக்குதாம், கோப்பெல்லாம் பெருத்துப்போகுமோ எண்டு பயந்தன். பார்த்தால் ஒரு முழுப் பக்கத்து எழுத்தை விட ஒரு சின்னப் படம் பாரம் கூட. ஓடுற எழுத்தை எடுத்திட்டன். வந்தவையை எண்ணுற பெட்டியை எடுக்க மனம் வரேல்லை, அது எப்பவோ நிண்டுபோச்சு, நிண்ட இலக்கத்தோடயே கிடக்கட்டும். டொமைன் என்ர பேருக்கு வந்திட்டுது. மருமகனுக்குச் சின்னக் கோபம், ஒரு போன் கதையோட சரி.

ஐஞ்சு சீடியில நாலு வாசிக்குது. ஸ்காபரோத் தங்கச்சி, உங்கட முருங்கை வாசிக்கிற சீடியில இருக்கு. பெரிய அளவில ஏத்திவிட்டிருக்கிறன், இலை எண்ணலாம். புதுப் படமும் பக்கத்தில. மதில்தான். கல்லு நிக்குது, ஒரு பக்கம் பெயின்ற் அடிச்சிருக்கினம்.

ஸ்ரேசன் பக்கத்தைத்தான் முதல்ல எடுத்தன். பழைய வசனத்தை அழிக்காமல் அதுக்குக் கீழ 2015 ஐ எழுதினன். தண்டவாளம் இல்லாத காலத்தில எடுத்த அந்தப் படத்தை இப்ப ஆரும் எடுக்க ஏலாது தானே.

இதுவரைக்கும் ஒன்பது இடம். ஏழு நிக்குது. ஒண்டு றோட்டு அகட்டினதில போயிட்டுது. பக்கத்துத் தேத்தண்ணிக்கடைக்காரருக்கு அங்க ஒரு கல்லு நிண்டதே ஞாபகமில்லை, பேந்து "ஓமோம், அதில இருந்துதான் நாங்கள் காட்ஸ் விளையாடுறது" எண்டார். அந்தப் பக்கத்தின்ர தலையில "இப்போது இல்லை" எண்டு போட்டிருக்கிறன், படத்தை எடுக்கேல்லை.

ஒன்பதாவதுதான் என்னை யோசிக்க வைச்சது. ஆவுரஞ்சிக்கல்லைக் காணேல்லை எண்டு திரும்ப, நாலு வீடு தள்ளி ஒரு கிணத்தடியில அது படுத்துக் கிடக்கு. வீட்டுக்கார அம்மா அதில உடுப்புத் தோய்க்கிறா. கேணியைத் தூர்த்தபோது வீணாக் கிடந்ததாம், தூக்கிக்கொண்டு வந்தவையாம். கோபப்பட எனக்கு வாய் வரேல்லை. மாடு உரஞ்சின பக்கம் வழுவழுப்பு, அந்தப் பக்கத்தைத்தான் மேல வைச்சிருக்கிறா. தேத்தண்ணியும் தந்தவ. மற்றப் பக்கங்களில எல்லாம் இப்ப அகலாங்கு நெட்டாங்கு போடுறன். முந்தி "மூண்டாவது லைற் போஸ்ற்றுக்குப் பக்கத்தில" எண்டு எழுதினது, அந்தப் போஸ்ற்று இப்ப ஆருக்குத் தெரியும்? தசமத்துக்குப் பிறகு நாலு தானம் போட்டால் பத்துப் பதினொரு மீற்றருக்குள்ள கொண்டுபோய் விடும், கல்லுத் தேட அது காணும். இந்தக் கல்லுக்கு மட்டும் போடேல்லை. ஊர்ப் பேரோட நிப்பாட்டினன். நாளைக்கு ஆரும் கமெராவோட போய் அந்த மனுசியின்ர படலையைத் தட்டக்கூடாது.

மிச்சம் 137. மாரி துவங்க முதல் எங்கட வலிகாமப் பகுதியை முடிக்கலாம் எண்டு நினைக்கிறன். அடுத்த மாதம் தீவுப்பக்கம். ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில வரலாம், சைக்கிளை ஏத்த ஏலாது. அங்கால இருக்கிற ஆரும் ரண்டு நாளைக்கு ஒரு சைக்கிள் இரவல் தருவியளோ? பிறேக் பிடிச்சால் காணும்.